கணினியும் பொருளியலும் சேர்த்துப் படிக்க: பட்டத்தின் பெயரைப் பார்க்காதீர்கள், கணக்கைப் பாருங்கள்

கேள்வி இதுதான். மகள் பிளஸ் டூவில் கணிதம், கணினி அறிவியல் குரூப். நன்றாக புரோகிராம் எழுதுகிறாள். பட்ஜெட், வட்டி விகிதம், விலைவாசி என்று செய்தித்தாளில் எது வந்தாலும் விடாமல் படிக்கிறாள். இரண்டையும் சேர்த்துப் படிக்க இளநிலைப் படிப்பு உண்டா? இல்லை, பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்த்துவிட்டு, பொருளியலை ஓய்வு நேரத்தில் படித்துக்கொள்ளச் சொல்லலாமா? எதில் வேலை கிடைக்கும்? கூடவே, பத்தாம் வகுப்பு முடித்திருக்கும் மகன் வணிகவியல் குரூப் எடுக்கலாமா?

படிப்பு உண்டு, வழிகளும் பல இருக்கின்றன. ஆனால் கம்ப்யூட்டர் சோறு போடும், பொருளியல் அறிவுக்கு என்று பிரித்து வைத்துக்கொண்டு தேடினால் தவறான கல்லூரியில்தான் போய் நிற்போம். இந்த இரண்டும் சந்திக்கிற இடம் கணிதம். எந்தப் பாடத்திட்டத்தில் அந்தக் கணிதம் ஒழுங்காக இருக்கிறதோ அதுதான் உங்கள் மகளுக்கான படிப்பு, அதன் பெயர் எதுவாக இருந்தாலும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு, உங்கள் வீட்டில் அடுத்த ஆண்டு நடக்கப்போகிற ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன்: கவுன்சலிங்.

பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கட்-ஆஃப் போடுகிறார்கள், தரவரிசை வருகிறது, பிள்ளைகள் விருப்பப் பட்டியல் நிரப்புகிறார்கள். அந்த நேரத்தில் எல்லா வீட்டிலும் ஒரு பயம் வரும்: "கிடைக்காத பெரிய கல்லூரியை முதலில் போட்டால் சாய்ஸ் வீணாகிவிடுமோ?" பயம் நியாயமா இல்லையா என்பது இடம் ஒதுக்குகிற முறையைப் பொறுத்தது. சின்னதாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மாலா 195, கண்ணன் 192, ரஃபி 188. கல்லூரிகள் அ, ஆ, இ. ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் இடம். மாலாவுக்கும் கண்ணனுக்கும் விருப்பம் அ, ஆ, இ என்ற வரிசையில். ரஃபிக்கு ஆ, அ, இ. இப்போது முதல் விருப்பமாகக் கேட்டவர்களுக்கு முதலில் கொடுத்து, கொடுத்ததைப் பூட்டிவிடுகிற முறை என்று வையுங்கள். 'அ' மாலாவுக்குப் போகும், 'ஆ' ரஃபிக்குப் போகும். கண்ணன் இரண்டாவதாக 'ஆ'வுக்கு வரும்போது கதவு மூடியிருக்கும். ரஃபியைவிட 4 மதிப்பெண் அதிகம் எடுத்த கண்ணன் 'இ'யில் போய் உட்காருவான். 'ஆ'தான் எனக்கு முதல் விருப்பம் என்று பொய் சொல்லியிருந்தால் அது கிடைத்திருக்கும். இந்த முறையில் பெற்றோரின் பயம் முழுக்க நியாயமானது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளிகளில் இப்படித்தான் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். விவரம் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் பட்டியலைச் சாமர்த்தியமாக மாற்றி எழுதி நல்ல பள்ளி பிடித்தார்கள், தெரியாதவர்கள் ஏமாந்தார்கள். பொருளியலாளர்கள் இதை எடுத்துக்காட்டிய பிறகு 2005இல் அந்த முறையைக் கைவிட முடிவு செய்தார்கள்.

மாற்று வழி 1962லேயே இருந்தது. டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இருவர் சில பக்கங்களே வருகிற ஒரு கட்டுரையில் அதைச் சொல்லியிருந்தார்கள். இடத்தை உடனே பூட்டாதே, தற்காலிகமாகப் பிடித்து வை. அதிக மதிப்பெண் உள்ளவர் பிறகு வந்து கேட்டால் முன்னவரை விடுவித்துவிடு. அதே மூவருக்கு ஓட்டிப் பாருங்கள். 'அ' மாலாவை வைத்துக்கொள்கிறது, 'ஆ' ரஃபியைப் பிடித்து வைக்கிறது. கண்ணன் 'அ'வில் இடமில்லாமல் 'ஆ'வுக்கு வருகிறான். 192 பெரியது, எனவே ரஃபி வெளியே. ரஃபி 'அ'வைக் கேட்கிறான், மாலா இருக்கிறாள், 'இ'க்குப் போகிறான். கண்ணன் மனதில் இருந்ததை இருந்தபடியே எழுதியும் 'ஆ' கிடைத்துவிட்டது. இந்த முறையில் மாணவர் யாரும் பொய் சொல்லி லாபம் அடைய முடியாது என்று நிரூபிக்கவே முடியும்.

எல்லாக் கல்லூரிக்கும் ஒரே தரவரிசை என்றால் முதல் ரேங்க்காரரிலிருந்து வரிசையாகக் கூப்பிட்டுக் கேட்டாலும் இதே முடிவுதான் வரும். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. சேர்க்கையில் அப்படி இல்லை. ஒன்றுக்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு ரேங்க், மற்றதற்கு ஜே.இ.இ. மெயின் ரேங்க். முன்பு இரண்டும் தனித்தனியாக நடந்ததால் ஒரே பிள்ளை இரண்டு பக்கமும் இடம் பிடித்து வைப்பதும், கடைசியில் ஒரு பக்கம் காலியாவதும் வழக்கமாக இருந்தது. 2015இல் ஜோசா என்று ஒரே கலந்தாய்வாக மாற்றினார்கள். அதன் உள்ளே ஓடுவது கேல், ஷாப்லி முறைதான். நம் ஊர் இடஒதுக்கீட்டுக்கும், நிரம்பாத ஓ.பி.சி. இடங்களைப் பொதுவுக்கு மாற்றுவதற்கும் ஏற்ப அதை நீட்டியிருக்கிறார்கள். செய்தவர்களில் ஒருவர் ஐ.ஐ.டி. கான்பூரின் கணினித்துறைப் பேராசிரியர் சுரேந்தர் பஸ்வானா. இன்னொருவர் கொலம்பியா வணிகப் பள்ளியின் யஷோதன் கனோரியா.

இதில் எது பொருளியல், எது கணினி? பொய் சொன்னால் யாருக்கு லாபம், முடிவு எல்லோருக்கும் நியாயமாக இருக்குமா என்று கேட்பவர் பொருளியல்காரர். இது எப்போதாவது முடியுமா, எத்தனை படியில் முடியும் என்று கேட்பவர் கணினிக்காரர். (முடியும். ஒரு மாணவர் ஒரு கல்லூரியை ஒரு முறைக்கு மேல் கேட்பதில்லை. மாணவர் எண்ணிக்கையைக் கல்லூரி எண்ணிக்கையால் பெருக்கினால் வருகிற அளவுக்கு மேல் படிகள் போகாது.) இரண்டு கேள்விக்கும் பதில் கணித நிரூபணம்தான். ஷாப்லிக்கும், இந்த முறையை மருத்துவமனைகளுக்கும் பள்ளிகளுக்கும் கொண்டுபோன ஆல்வின் ராத்துக்கும் 2012இல் பொருளியல் நோபல் கொடுத்தார்கள். கேல் 2008லேயே இறந்துவிட்டார்.

இப்படி இன்னும் பல சந்திப்புகள் உண்டு. மூடிய உறையில் ஏலம் கேட்டு, அதிகம் கேட்டவருக்குப் பொருளைக் கொடுத்து, அவரிடம் இரண்டாவது பெரிய தொகையை மட்டும் வாங்கினால் யாரும் குறைத்துச் சொல்ல மாட்டார்கள் என்று வில்லியம் விக்ரி 1961இல் காட்டினார். நீங்கள் கூகுளில் ஒன்றைத் தேடும்போது முடிவுகளோடு வருகிற விளம்பரங்களுக்கான ஏலம் அந்தச் சிந்தனையின் வாரிசு. ஒவ்வொரு தேடலுக்கும் கண் இமைப்பதற்குள் ஓர் ஏலம் நடந்து முடிகிறது. பெர்க்லியில் பொருளியல் பேராசிரியராக இருந்த ஹால் வேரியனை 2002இல் கூகுள் அழைத்துக்கொண்டது சும்மா இல்லை. எதிர்த்திசையிலும் பாதை உண்டு. ஆடுபவர்களும் அவர்களின் தேர்வுகளும் எண்ணி அடங்குகிற எந்த விளையாட்டிலும், ஒருவர் மட்டும் தன் முடிவை மாற்றி லாபம் பார்க்க முடியாத ஒரு சமநிலை இருக்கும் என்று ஜான் நாஷ் 1950இல் நிரூபித்தார். அதைக் கணக்கிட்டுக் கண்டுபிடிப்பது பொதுவாகக் கணினிக்கே மிகக் கடினமான வேலை என்று 2006இல் கணினிக்காரர்கள் காட்டினார்கள். அப்படியானால் சந்தையில் இருக்கிற சாதாரண மனிதர்கள் அந்தச் சமநிலைக்கு எப்படி வந்து சேருவார்கள்? இந்தக் கேள்வி உங்கள் மகளை உறங்கவிடவில்லை என்றால் அவள் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறாள்.

நிரூபணத்தில் அவ்வளவு ஆர்வம் இல்லை, செய்தித்தாள் புள்ளிவிவரம்தான் பிடிக்கும் என்றால் அதற்கும் கணினி வேண்டும். மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் குடும்பச் செலவு, வேலைவாய்ப்பு பற்றிய கணக்கெடுப்புகளின் மூலத் தரவை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பும் இருக்கிறது. இந்த வகைக் கோப்பைத் திறந்தால் பலமுறை அட்டவணை எதுவும் தெரியாது, இடைவெளியே இல்லாமல் வரிவரியாக எண்கள்தான் ஓடும். எத்தனையாவது எழுத்திலிருந்து எத்தனையாவது வரை மாநிலம், எது வயது, எது செலவு என்று சொல்கிற அமைப்பு விளக்கக் கோப்பு (லேஅவுட்) தனியாக இருக்கும். அதைப் பார்த்துப் பைத்தானில் வெட்டி எடுப்பது கணினி வேலை. அதோடு முடியவில்லை. ஒவ்வொரு வரியிலும் ஒரு பெருக்கெண் இருக்கும். மாதிரியில் வந்த இந்தக் குடும்பம் நாட்டில் எத்தனை குடும்பங்களுக்குப் பதிலாக நிற்கிறது என்று அது சொல்கிறது. அதைச் சேர்க்காமல் வெறும் சராசரி எடுத்தால் புரோகிராம் ஒரு பிழையும் காட்டாது, விடை மட்டும் தப்பாக இருக்கும். ஏன் தப்பு என்பது புள்ளியியல். செலவு கூடியதற்கு வருமானம் காரணமா, விலை காரணமா என்று பிரிப்பது பொருளியல். இந்தக் கடைசி வேலையைச் சொல்லித்தரும் பாடம் எகனாமெட்ரிக்ஸ். கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டத்தில் அது கிடையாது.

ஆகவே எந்தக் கல்லூரியாக இருந்தாலும் பாடத்திட்ட பி.டி.எஃப்.பை இறக்கி வைத்துக்கொண்டு தேடுங்கள். கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா, நிகழ்தகவு, புள்ளியியல். பொருளியல் பக்கம் மைக்ரோ, மேக்ரோ, எகனாமெட்ரிக்ஸ், முடிந்தால் கேம் தியரி (மற்றவர் என்ன செய்வார் என்று பார்த்து முடிவெடுப்பதன் கணிதம்). கணினிப் பக்கம் டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம், டேட்டாபேஸ். கம்பைலர், நெட்வொர்க் எல்லாம் நல்ல பாடங்கள்தான், ஆனால் இந்தக் கூட்டணிக்கு அவை இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது. நம் மாநிலத்துக் கலைக் கல்லூரிகளில் பெரும்பாலான பி.ஏ. பொருளியல் பாடத்திட்டங்களில் கணிதம் ஒன்றிரண்டு தாள்களோடு நின்றுவிடும். எந்தக் குரூப் படித்தவரும் சேரலாம் என்பதால் அப்படி அமைந்தது, அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் மகளுக்கு அது மட்டும் போதாது. 'அனலிட்டிக்ஸ்' என்று வால் சேர்த்துப் புதிதாக முளைக்கிற படிப்புகளிலும் இதே சோதனையைச் செய்யுங்கள். எகனாமெட்ரிக்ஸ் இல்லாமல், ஒரு எக்செல் தாளை வைத்துக்கொண்டு அனலிட்டிக்ஸ் என்று சொல்கிற பாடத்திட்டங்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி வழிகள். இரண்டையும் ஒரே பட்டமாகக் கட்டியிருப்பதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் எம்.ஐ.டி. அங்கே மின்பொறியியல்-கணினித் துறையும் பொருளியல் துறையும் சேர்ந்து 2017இல் 'கணினி அறிவியல், பொருளியல், தரவு அறிவியல்' என்ற இளநிலைப் படிப்பைத் தொடங்கின. அங்கே போகாவிட்டாலும் பரவாயில்லை, அதன் பாடப் பட்டியலை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஜோனதன் க்ரூபர் நடத்தும் மைக்ரோ பொருளியல் வகுப்புகள் எம்.ஐ.டி.யின் திறந்த பாடத்தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன.

நம் நாட்டில் ஐ.ஐ.டி. கான்பூர், கரக்பூர், பம்பாய் மூன்றிலும் நான்கு ஆண்டு பி.எஸ். பொருளியல் உண்டு. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு வழியாகத்தான் சேர முடியும். முதலாண்டில் பொறியியல் மாணவர்களோடு உட்கார்ந்து கணிதமும் புரோகிராமிங்கும் படிக்க வேண்டியிருக்கும். பலர் "கம்ப்யூட்டர் கிடைக்கவில்லை, சரி எகனாமிக்ஸ்" என்று போய்ச் சேருகிறார்கள். விரும்பி வருகிற உங்கள் மகள் போன்றவர்களுக்கு அங்கே நல்ல இடம் காத்திருக்கிறது.

பிலானி பிட்ஸ் இன்னொரு வழி. பிலானி, கோவா, ஐதராபாத் மூன்று வளாகங்களிலும் எம்.எஸ்சி. பொருளியலில் சேரலாம். முதலாண்டு மதிப்பெண்ணைப் பார்த்து இரண்டாவதாக ஒரு பி.இ. பட்டம் தருவார்கள். மொத்தம் 5 ஆண்டுகள், கையில் 2 பட்டங்கள். ஆனால் அந்த பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸாகவே இருக்கும் என்று உறுதி கிடையாது. அதற்குத்தான் போட்டி அதிகம். முதலாண்டில் சறுக்கினால் வேறு பிரிவு வரும். செலவும் கனமானது. அந்த நிச்சயமின்மையைத் தாங்க முடியும் என்றால் மட்டும் போகலாம். டெல்லி ட்ரிபிள் ஐ.டி.யில் கணினி அறிவியலோடு சமூக அறிவியலைச் சேர்த்த பி.டெக். இருக்கிறது, அதில் பொருளியலுக்கும் இடம் உண்டு.

நம் பக்கத்தில் பலர் மறந்துவிடுகிற இடம் சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகம். 3 ஆண்டு பி.எஸ்சி. கணிதமும் கணினி அறிவியலும். சொந்த நுழைவுத் தேர்வு. அதில் மதிப்பெண் வாங்கப் பயிற்சி மையத்துக்கு ஓடுவதைவிட, ஒலிம்பியாட் வகைக் கணக்குகளோடு ஆற அமர உட்கார்ந்து பழகுவது உதவும். அங்கே பொருளியல் பெயருக்குத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கணிதத்தோடு எந்தப் பொருளியல் முதுநிலைக்கும் தைரியமாகப் போகலாம். முடிந்தால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இந்த நுழைவுத் தேர்வுகள் எதுவும் அமையவில்லையா? வீட்டுக்குப் பக்கத்திலேயே செய்யக்கூடிய ஒரு வழி இருக்கிறது, பலருக்கு அதுவே பொருத்தமும்கூட. 2022 ஏப்ரலிலிருந்து யு.ஜி.சி. ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்க அனுமதிக்கிறது. ஒன்று நேரடியாகவும் மற்றது இணையவழியிலோ தொலைநிலையிலோ இருக்கலாம். ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் பட்டத்துக்கு ஜே.இ.இ. தேவையில்லை. அவர்களே சில வாரம் பாடம் நடத்தி வைக்கிற தகுதித் தேர்வில் தேறினால் போதும். வகுப்புகள் காணொளியில், தேர்வு மட்டும் நேரில். நடுவில் நிறுத்தினாலும் சான்றிதழ், டிப்ளமோ, பி.எஸ்சி. என்று முடித்த அளவுக்கு ஏதாவது கையில் இருக்கும். அதையும் மாநிலக் கல்லூரியிலோ, லயோலாவிலோ, தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியிலோ ஒரு பி.ஏ. பொருளியலையும் சேர்த்துப் படித்தால் நான் மேலே சொன்ன பாடங்களில் பெரும்பகுதி வந்துவிடும். தலைகீழாகவும் செய்யலாம்: பகலில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், தொலைநிலையில் இக்னோவின் பி.ஏ. பொருளியல். ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் இது ஒத்துவராது. வாராவாரம் அசைன்மென்ட் வரும், கல்லூரி இன்டர்னலும் அதே வாரத்தில் வரும். தானாக உட்கார்ந்து படிக்கிற பிள்ளை என்றால் மட்டும் சொல்லுங்கள்.

பி.இ. படித்துக்கொண்டு பொருளியலை ஓய்வில் படிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். மோசமான யோசனை இல்லை. பட்டம் முடித்தபின் கணினியிலிருந்து பொருளியலுக்குத் தாவுவது, பொருளியலிலிருந்து கணினிக்குத் தாவுவதைவிட எளிது. டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸின் எம்.ஏ.வுக்கும், இந்தியப் புள்ளியியல் நிறுவனமான ஐ.எஸ்.ஐ.யின் குவாண்டிடேட்டிவ் எகனாமிக்ஸ் முதுநிலைக்கும் பொறியாளர்கள் வருடாவருடம் போகிறார்கள். கணிதம் கையில் இருப்பதுதான் காரணம். இலவச இணையப் பாடத்தளமான என்.பி.டெல்லில் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி. பேராசிரியர் நரஹரியின் கேம் தியரி வகுப்பை மூன்றாம் ஆண்டில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது பிடித்தால் மேலே போகலாம், பிடிக்காவிட்டால் நட்டம் ஒன்றுமில்லை. ஆனால் நான்கு ஆண்டு லேப் ரெக்கார்டுக்கும் பிளேஸ்மென்ட் பயிற்சிக்கும் நடுவில் 'ஓய்வில்' என்பது பல பிள்ளைகளுக்கு வருவதே இல்லை. மைனர் பாடமாகவோ ஓப்பன் எலெக்டிவாகவோ பொருளியல் தருகிற கல்லூரியா என்று பார்த்துச் சேருங்கள்.

வேலை விஷயத்தில் இரண்டு கதவுகளுக்குப் பூட்டு வேறு வேறு. வளாகத்துக்கு வருகிற மென்பொருள் நிறுவனங்கள் பல, பட்டத்தின் பெயரைப் பார்த்தே வடிகட்டுகின்றன. பி.ஏ. என்றால் கோடிங் தேர்வுக்கு உட்காரவே விடாத இடங்கள் உண்டு. அரசுப் பக்கம் நேர்மாறு. யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வை எழுதப் பொருளியலில் முதுநிலை வேண்டும். எவ்வளவு திறமையான பி.டெக்.காரரும் அதில்லாமல் விண்ணப்பம் போட முடியாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வேலைகள்தான் இந்தச் சேர்க்கைக்கு உரியவை: வங்கிகளின் இடர் மதிப்பீட்டுப் பிரிவு, கடன் தரும் செயலிகள், இணைய வணிக நிறுவனங்களின் விலை நிர்ணயக் குழு, கொள்கை ஆய்வு நிறுவனங்கள். அங்கே ஆள் எடுப்பவர்கள் எதிரில் ஒரு தரவைப் போட்டு, இதிலிருந்து என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது என்று கேட்பார்கள். பல இடங்களில் முதுநிலையும் எதிர்பார்ப்பார்கள், ஆகவே 3 ஆண்டில் முடிந்துவிடும் என்று கணக்குப் போடாமல் 5 ஆண்டுக்குத் திட்டமிடுங்கள். முதுநிலைப் பொறியியல் படிப்புகளுக்கான கேட் (GATE) தேர்விலும் இப்போது தரவு அறிவியலுக்குத் தனித்தாள் இருக்கிறது (2024 முதல்). அதன் ஹியூமானிட்டீஸ், சமூக அறிவியல் தாளில் பொருளியலும் உண்டு. எந்தப் பக்கம் சாய்வது என்று கடைசி ஆண்டில்கூட முடிவு செய்யலாம்.

பொருளியல் உண்மையிலேயே பிடித்திருக்கிறதா என்று இப்போதே தெரிந்துகொள்ள வேண்டுமா? மேலே சொன்ன மூன்று பேர் கணக்கை முந்நூறு பேருக்கு ஓடுகிற பைத்தான் நிரலாக எழுதச் சொல்லுங்கள். ஐம்பது வரிக்குள் முடிந்துவிடும். எழுதி முடித்ததும் எழுந்து போய்விட்டாள் என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸே போதும். "இடஒதுக்கீட்டை இதில் எப்படிச் சேர்ப்பது, அதைச் சேர்த்த பிறகும் பொய் சொன்னால் லாபம் வராதா?" என்று கேட்டுக்கொண்டு வந்தால் இரண்டையும் சேர்த்துப் படிக்க வழி தேடுங்கள்.

மகன் விஷயம். வணிகவியல் குரூப் எடுப்பதில் தவறில்லை, ஆனால் கணிதம் இல்லாத பிரிவை எடுக்க வேண்டாம். பள்ளியில் வணிகக் கணிதம் சேர்ந்த பிரிவு இருந்தால் குறைந்தபட்சம் அது. பொறியியல், ஐ.ஐ.டி. இரண்டும் அந்தக் குரூப்பில் அடைபட்டுவிடும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. ஆனர்ஸ் பொருளியலுக்குக் கணிதம் கட்டாயம், மத்தியப் பல்கலைக்கழகங்களின் பொது நுழைவுத் தேர்வான க்யூட்டிலும் (CUET) அந்தத் தாளை எழுத வேண்டும். ஐ.ஐ.டி. மெட்ராஸின் இணையவழிப் பட்டத்துக்கு மட்டும் பிளஸ் டூவில் எந்தக் குரூப் என்று பார்ப்பதில்லை. பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும், அது அவனிடம் இருக்கிறது. பிளஸ் ஒன் சேர்க்கை முடிவதற்குள் பள்ளி அலுவலகத்தில் ஒரு நடை போய், எந்தெந்தக் குரூப்பில் கணிதம் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வாங்கி வாருங்கள். குரூப் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம், பள்ளிக்குப் பள்ளி மாறுகிறது.